விழுந்துகொண்டே நிற்கும் கம்பி

உள்ளே நுழைந்ததும் முதலில் காதில் விழுந்தது ஒரு முனகல். தீப்பெட்டிக்குள் பிடித்துவைத்த பொன்வண்டு மாதிரி, ஓயாத ஒரு 'ர்ர்ர்'. திருவனந்தபுரத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. அதன் கட்டுப்பாட்டுப் பொறியியல் ஆய்வுக்கூடம். மழை விட்டிருந்த மாலை. மேசைமேல் ஒரு மீட்டர் நீளத்துக்கு எஃகுத் தண்டு, அதன்மேல் சோப்புப் பெட்டி அளவில் ஒரு வண்டி. வண்டியின் பக்கவாட்டில் இருந்த அச்சில் மெல்லிய அலுமினியக் கம்பி ஒன்று கோத்திருந்தது. கம்பி கீழே தொங்கவில்லை. கூரையைப் பார்த்து நட்டமாக நின்றது. மேலே நூல் இல்லை, பக்கத்தில் முட்டு இல்லை. அச்சோ எண்ணெய் போட்ட கீல்போலத் தாராளமாகச் சுழலக்கூடியது.

வண்டி மட்டும் அரை விரற்கடை இடமும் வலமுமாக நடுங்கிக்கொண்டே இருந்தது. முனகல் அங்கிருந்துதான்.

"தொட்டுப் பாருங்க சார், ஒண்ணும் செய்யாது" என்றார் எம்.டெக். மாணவர். மார்த்தாண்டத்துக்காரர், குழித்துறையில் ரயில் ஏறித் தினமும் வந்துபோகிறவர். கம்பியின் நுனியை விரலால் மெல்ல வலப்பக்கம் தள்ளினேன். வண்டி விருட்டென்று வலப்பக்கமே ஓடி, சாய்ந்த கம்பிக்கு அடியில் போய் அதை ஏந்திக்கொண்டது. பிறகு நிதானமாகப் பழைய இடத்துக்கு வந்து மறுபடி முனகத் தொடங்கியது. தூங்குகிற கன்றுக்குட்டியின் காதைத் தொட்டால் அது சிலிர்க்குமே, அப்படி இருந்தது. பெல்ட்டும் மோட்டாரும்தான் என்று அறிவுக்குத் தெரிகிறது. விரல் ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

இதற்குத் தலைகீழ் ஊசல் என்று பெயர். கட்டுப்பாட்டுப் பொறியியல் சொல்லித்தரும் ஆய்வுக்கூடங்களில் உலகெங்கும் இதைப் பார்க்கலாம். கனடாவின் குவான்சர், இங்கிலாந்தின் ஃபீட்பேக் போன்ற நிறுவனங்கள் இதை அழகாகச் செய்து விற்கின்றன. ஜப்பானில் கட்சுஹிசா ஃபுருட்டா 1992-இல் நேர்த்தண்டையே எடுத்துவிட்டு, சுற்றிச் சுழலும் ஒரு கையின் நுனியில் கம்பியை மாட்டிக் காட்டினார். தண்டின் முனையில் போய் முட்டுகிற தொல்லை அதில் இல்லை. மேசையிலும் இடம் மிச்சம். இன்று பல கல்லூரிகளில் இருப்பது அந்த வகைதான். நான் பார்த்தது பழைய நேர்த்தண்டு வகை. முட்டிக்கொள்ளவும் அதில் வசதி உண்டு என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்த்தேன்.

வேலை செய்கிற விதம் சொல்லிவிடக்கூடியதுதான். அச்சில் ஒரு என்கோடர் இருக்கிறது. ஒரு முழுச்சுற்றை அது 4,096 பங்காக வெட்டிப் பார்க்கிறது. அதாவது ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சாய்வு வந்தாலே கண்டுபிடித்துவிடும். வண்டி எங்கே நிற்கிறது என்று இன்னொரு என்கோடர் சொல்கிறது. இரண்டையும் கணினி வினாடிக்கு ஆயிரம் முறை படித்து, ஒவ்வொரு முறையும் மோட்டாருக்கு எவ்வளவு மின்னழுத்தம் கொடுப்பது என்று கணக்குப் போடுகிறது. சாய்வு எவ்வளவு, சாய்கிற வேகம் எவ்வளவு, வண்டி நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது. இந்த நான்கையும் தலா ஓர் எண்ணால் பெருக்கிக் கூட்டுவதுதான் மொத்தக் கணக்கும். அந்த நான்கு எண்களைத் தேடுவதற்குத்தான் ஒரு பருவம் முழுக்கப் படிக்கிறார்கள்.

ஆக, கம்பி ஒருகாலும் நிற்பதில்லை. ஒவ்வொரு கணமும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. விழ ஆரம்பித்த அந்த மயிரிழையிலேயே வண்டி போய்ப் பிடித்துவிடுகிறது. நம் கண்ணுக்கு அது நிற்பதுபோல் படுகிறது.

வீட்டில் ஒட்டடைக்கம்பு இருந்தால் இதை இப்போதே செய்து பார்க்கலாம். கம்பை உள்ளங்கையில் நட்டமாக நிறுத்துங்கள். சின்னப் பிள்ளைகள்கூடச் சில வினாடி சமாளித்துவிடுவார்கள். அடுத்து அதே கையில் ஒரு பென்சிலை நிறுத்திப் பாருங்கள். முடியாது. எத்தனை நாள் பழகினாலும் முடியாது. கனமான கம்பை நிறுத்த முடிகிறது, இத்தனூண்டு பென்சிலை முடியவில்லை. ஏன்? விழும் வேகம் நீளத்தைப் பொறுத்தது. குட்டையானது சீக்கிரம் சாயும். கண் பார்த்து, மூளை புரிந்து, கை அசைவதற்கு நமக்குச் சுமார் 0.2 வினாடி ஆகிறது. அந்த நேரத்துக்குள் ஒன்றரை மீட்டர் கம்பின் சாய்வு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 15 செ.மீ. பென்சிலின் சாய்வு ஏழு மடங்காகிவிடும். நாம் பார்த்துத் திருத்துவது எப்போதோ நடந்துபோன சாய்வை. இன்றைய சாய்வு எங்கோ போய்விட்டது. தாமதமாக வரும் சரியான மருந்து விஷமாகிவிடுகிற இடம் இது.

மாணவர் இன்னொரு வித்தை காட்டினார். திரையில் ஓர் எண்ணை மாற்றி, வண்டியை 20 செ.மீ. வலப்பக்கம் போகச் சொன்னார். வண்டி முதலில் இடப்பக்கம் நகர்ந்தது. தப்பாகிவிட்டது என்று நினைத்தேன். இல்லை. அடிப்பாகம் இடப்பக்கம் போனதால் கம்பி வலப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்த கம்பியைத் துரத்திக்கொண்டே வண்டி வலப்பக்கம் ஓடிப் போய், சொன்ன இடத்தில் நின்றது. எடுத்த எடுப்பில் வலப்பக்கம் ஓடியிருந்தால் கம்பி பின்னால் சாய்ந்து விழுந்திருக்கும். சைக்கிளில் வேகமாகப் போகும்போது வலப்பக்கம் திரும்ப, ஹேண்டில்பாரை ஒரு கணம் இடப்பக்கம் ஒடிக்கிறோம். செய்கிறோம் என்றே தெரியாமல் செய்கிறோம். இந்த வண்டிக்கும் அதை யாரும் தனியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த நான்கு எண்களிலிருந்து தானாக வந்த நடத்தை.

அடுத்த மேசையில் இன்னொரு வண்டி. அன்றைக்குத்தான் வேறு யாரோ ஒயர்களைக் கழற்றி மாட்டியிருந்தார்களாம். மாணவர் கம்பியை மேலே தூக்கிப் பிடித்து, 'ரன்' அழுத்தி, கையை எடுத்தார். வண்டி குண்டு மாதிரிப் பாய்ந்து தண்டின் முனையில் 'டம்' என்று மோதியது. கம்பி சுற்றிச் சுழன்று வீசியது. நான் நாற்காலியோடு பின்னால் போனேன். முனையிலிருந்த சுவிட்சு மோட்டாரை நிறுத்தியிருந்தது. தண்டின் முனையிலிருந்த ரப்பர்க் கட்டையில் ஏற்கெனவே நிறையத் தழும்புகள் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"மைனஸ் சார்" என்றார் அசடு வழியச் சிரித்துக்கொண்டே. என்கோடரின் இரண்டு ஒயர்கள் இடம் மாறியதில் வலச்சாய்வு இடச்சாய்வாகப் படிக்கப்பட்டிருக்கிறது. விழுகிற பக்கம் ஓடி ஏந்த வேண்டிய வண்டி, எதிர்ப்பக்கம் ஓடி இன்னும் வேகமாகத் தள்ளிவிட்டிருக்கிறது. தாளில் ஒரு கழித்தல் குறி மாறினால் பரீட்சையில் இரண்டு மார்க் போகும். இங்கே விரல் போகும்.

திருவனந்தபுரத்தில் இந்தக் கம்பியைப் பார்க்கிறவருக்கு வேறொன்று நினைவுக்கு வராமல் இருக்காது. நகரின் வடக்கே, கடற்கரையில் தும்பா. விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். இந்தியாவின் ஏவுகலங்கள் இங்கேதான் வடிவம் பெறுகின்றன. 1963 நவம்பர் 21 அன்று நைக்-அப்பாச்சி என்ற ஆய்வு ராக்கெட் இங்கிருந்து எழும்பியது. மாதா கோவிலில் அலுவலகம், சைக்கிளில் ராக்கெட் பாகம் என்ற கதையெல்லாம் எல்லாரும் சொல்லியாயிற்று. எனக்குச் சொல்ல வேண்டியது, அங்கிருந்து பின்னால் வந்த ராக்கெட்டுகள் எப்படி விழுந்தன என்பதைப் பற்றி.

அதற்குமுன் ஒரு திருத்தம். 'ராக்கெட்டை அடியிலிருந்து தள்ளுவது, கையில் கம்பை நிறுத்துவது மாதிரி' என்று பல புத்தகங்களில் இருக்கும். நானும் எழுதியிருக்கிறேன். அது பாதிதான் சரி. 1926 மார்ச் 16 அன்று அமெரிக்காவின் ஆபர்ன் ஊரில் ராபர்ட் காடர்ட் ஏவிய முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டில், எஞ்சின் உச்சியிலும் தொட்டிகள் அடியிலும் இருந்தன. மேலிருந்து இழுத்தால் ஊசல் மாதிரித் தானே நேராகத் தொங்கும் என்பது எண்ணம். தொங்காது. எஞ்சின் ராக்கெட்டோடு சேர்த்து இறுக்கப்பட்டிருக்கிறது. ராக்கெட் சாய்ந்தால் எஞ்சினும் அதே பக்கம் சாய்ந்து தள்ளும். மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும் ஒன்றுதான். காடர்டும் பிற்பாடு எஞ்சினைக் கீழே கொண்டுவந்துவிட்டார்.

ராக்கெட்டைக் கவிழ்க்கப் பார்ப்பது காற்று. வால் இறகு இல்லாத நீண்ட ராக்கெட்டில் காற்றின் விசை மொத்தமும் சேரும் புள்ளி, எடை மையத்துக்கு முன்னால் மூக்குப் பக்கம் அமைந்துவிடும். மூக்கு லேசாகத் திரும்பினால் போதும், காற்று அதை மேலும் திருப்பும். திரும்பத் திரும்ப விசை கூடும். கணக்கில் எழுதிப் பார்த்தால் மேசைமேல் இருக்கும் கம்பியின் சமன்பாடும் இதுவும் அச்சு அசல் சகோதரர்கள். காரணம் வேறு, விழுகிற விதம் ஒன்று.

எஸ்.எல்.வி.-3 நான்கு அடுக்கு ராக்கெட். 22 மீட்டர் உயரம், 17 டன் எடை. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. முதல் அடுக்கு சரியாக எரிந்தது. இரண்டாம் அடுக்கில் ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்து, கிளம்பிய 317 வினாடியில், கரையிலிருந்து 560 கி.மீ. தள்ளி வங்காள விரிகுடாவில் விழுந்தது. ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டதில், இரண்டாம் அடுக்கைத் திருப்புவதற்கு வேண்டிய நைட்ரிக் அமிலம் புறப்படும் முன்னரே ஒழுகிப்போயிருந்தது. கணினிக் கட்டளைகளில் கோளாறு இல்லை. 'திருப்பு' என்று அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. திருப்புவதற்குக் கை இல்லை. ஆய்வுக்கூட வண்டியில் மோட்டார் ஒயரை உருவிவிட்டால் திரையில் எண்கள் பதைபதைத்து ஏறும், வண்டி அசையாமல் கிடக்கும், கம்பி சாவகாசமாகச் சாயும். அதுதான் இது. அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று இரண்டாவது எஸ்.எல்.வி.-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஏ.எஸ்.எல்.வி. கதை. யாரும் அதிகம் பேசாத ராக்கெட். எஸ்.எல்.வி.யின் இரு பக்கமும் இரண்டு துணை ராக்கெட்டுகளைக் கட்டியதுபோல் இருக்கும். முதலில் அந்த இரண்டும் எரியும். அவை தீர்ந்ததும் நடுவில் இருப்பது பற்றிக்கொள்ள வேண்டும். 1987 மார்ச் 24 அன்று நடுராக்கெட் பற்றவே இல்லை. 1988 ஜூலை 13 அன்று பற்றியது, ஆனால் துணை ராக்கெட்டுகள் ஓய்வதற்கும் நடுராக்கெட் முழுவிசைக்கு வருவதற்கும் இடையில் சிறு இடைவெளி விழுந்துவிட்டது. அந்த இடைவெளியில் ராக்கெட்டைப் பிடித்து நிறுத்தப் போதுமான விசை எதுவும் இல்லை. அதுவும் காற்று மிகப் பலமாக மோதுகிற உயரத்தில். கிளம்பி ஒரு நிமிடம் ஆவதற்குள் எல்லாம் முடிந்தது.

மூன்றாவது ராக்கெட்டில் செய்த மாற்றங்களைப் பாருங்கள். வால் பக்கம் இறகுகள் வைத்தார்கள். காற்றின் மோதல் குறைவதுபோல் பாதையை மாற்றினார்கள். நடுராக்கெட்டை இத்தனையாவது வினாடியில் பற்றவை என்று முன்கூட்டியே கடிகாரத்தில் எழுதிவைப்பதை விட்டுவிட்டு, துணை ராக்கெட்டுகளின் விசை குறைவதை ராக்கெட்டே உணர்ந்து, அந்தக் கணத்தில் பற்றவைக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். கட்டுப்பாட்டுப் பொறியியலை ஒரே ஓர் உதாரணத்தில் சொல்லு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கடிகாரம், துணை ராக்கெட் இந்நேரம் தீர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறது. உணரி, தீர்ந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்கிறது. சாதம் வெந்திருக்கும் என்று விசிலை எண்ணுவதற்கும், ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம். அந்தப் பருக்கைக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் பின்னூட்டம். 1992 மே 20 அன்று அந்த ராக்கெட், எதிர்பார்த்ததைவிடத் தாழ்வான பாதைதான் என்றாலும், செயற்கைக்கோளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1994 மே 4 அன்று நான்காவது ராக்கெட் முழு வெற்றி.

மறுபடி மேசைக்கு வருவோம். அந்த முனகல் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லாம் சரியாக இருந்தால் வண்டி ஏன் நடுங்க வேண்டும்?

ஆனி, ஆடியில் எங்கள் வீட்டு மர அலமாரியின் இழுப்பறை ஊறிப்போய்விடும். இழுத்தால் வராது. இன்னும் இழுத்தால் வராது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் உள்ளே இருக்கும் பொத்தான், நூல்கண்டு எல்லாவற்றோடும் மடியில் வந்து விழும். நிற்கிற பொருளை அசைக்க வேண்டிய விசை, அசைகிற பொருளை நகர்த்த வேண்டியதைவிட அதிகம் என்பதால் வருகிற வினை. வண்டிக்கும் இதே பாடுதான். கம்பி மயிரிழை சாய்கிறது. கணினி சின்ன விசை கேட்கிறது. உராய்வு விடவில்லை. சாய்வு கூடுகிறது, விசையும் கூடுகிறது, சட்டென்று வண்டி வழுக்கித் தேவைக்கு மேல் போய்விடுகிறது. இப்போது எதிர்ப்பக்கம் சாய்வு. இப்படியே முடிவில்லாமல். புத்தகத்துச் சமன்பாட்டில் உராய்வு ஓர் ஒழுங்கான உறுப்பு, வேகத்துக்கு ஏற்றபடி கூடும் குறையும். நிஜத்து உராய்வுக்கு ஒழுங்கு கிடையாது. திங்கட்கிழமை ஒன்று, மழை பெய்தால் ஒன்று, தண்டில் யாரோ எண்ணெய்க் கையை வைத்துவிட்டால் இன்னொன்று.

"இதைக் குறைக்க முடியாதா தம்பி?" என்று கேட்டேன். அவர் அந்த நான்கு எண்களில் ஒன்றைக் கூட்டினார். கம்பி இன்னும் விறைப்பாக நின்றது, தள்ளினால் உடனே திரும்பியது. ஆனால் முனகல் கீச்சென்று வீரிட்டு மேசையே அதிர்ந்தது. குறைத்தார். சத்தம் அடங்கியது, கம்பி குடிகாரனைப்போல் அசைந்தாடியது. ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டியிருக்கிறது. கன்டர் ஸ்டைன் என்ற பொறியாளர் 1989-இல் ஆற்றிய புகழ்பெற்ற உரை ஒன்றில் இதற்கு ஒரு படம் காட்டினார். ஒருவன் மண்வெட்டியோடு நிற்கிறான். ஓரிடத்தில் பள்ளம் பறித்தால் அந்த மண்ணை இன்னோரிடத்தில் கொட்டியே ஆக வேண்டும். மெதுவான பிழைகளை அமுக்கினால் வேகமான பிழைகள் எழும்பும். மண்ணின் அளவு மாறாது, எங்கே கொட்டுவது என்பது மட்டும்தான் நம் கையில். நிலையில்லாத பொருளாக இருந்தால் கொட்ட வேண்டிய மண் இன்னும் அதிகம். இது கணித விதி. காசு கொடுத்தோ புத்திசாலித்தனத்தாலோ தாண்ட முடியாதது.

மோட்டாருக்கும் ஓர் எல்லை உண்டு. கம்பியைக் கொஞ்சம் பலமாகத் தள்ளினால், கணினி கேட்கும் விசையை மோட்டாரால் கொடுக்க முடியாது. கொடுக்க முடிந்ததைக் கொடுக்கும். அது போதாமல் கம்பி விழும். எந்தச் சாய்வுவரை மீட்க முடியும், எதற்குமேல் முடியாது என்பதை அந்த மாணவர் விரலாலேயே அறிந்து வைத்திருக்கிறார். நான் தள்ளும்போதே "இது போயிரும்" என்றார், போயிற்று.

இந்த எல்லையும் நாட்டின் ராக்கெட் வரலாற்றில் உண்டு. பி.எஸ்.எல்.வி.யின் முதல் ஏவுதல், 1993 செப்டம்பர் 20. இரண்டாம் அடுக்கு பிரிகிற நேரத்தில் ஏற்பட்ட உலுக்கலோடு, மூக்கின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கும் மென்பொருளில் இருந்த ஒரு பிழையும் சேர்ந்துகொள்ள, ராக்கெட் நிலை தவறிக் கடலில் விழுந்தது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் இறங்குகலமான விக்ரம் நிலவில் மோதியது. பிறகு இஸ்ரோ தலைவராக இருந்த எஸ். சோமநாத் காரணங்களை விளக்கினார். அதற்கு முன் அவர் தும்பா மையத்தின் இயக்குநர். எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக விசை கொடுத்தன. அதனால் பிழைகள் சேர்ந்தன. சேர்ந்த பிழையைத் திருத்தக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் இவ்வளவு வேகத்துக்குமேல் திரும்பாதே என்று மென்பொருள் வரம்பு வைத்திருந்தது. இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் சதுரம்.

சந்திரயான்-3க்கு அந்த இடத்தை 4 கி.மீ.க்கு 2.5 கி.மீ. ஆக விரித்தார்கள். அதோடு நிற்கவில்லை. இறங்குகலத்தின் உணரிகளை ஹெலிகாப்டரில் மாட்டிப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். கோபுரக் கிரேனில் கலத்தைத் தொங்கவிட்டு எஞ்சினை எரித்துப் பார்த்தார்கள். கிரேனும் ஹெலிகாப்டரும் ஆய்வுக்கூடக் கருவிகளா என்றால், என் கணக்கில் ஆமாம். மேசையின் அளவு பெரிது, அவ்வளவுதான்.

தும்பாவில் இதற்கென்றே ஒரு சாத்திரம் வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு ராக்கெட்டும் புறப்படுமுன் தரையிலேயே பலமுறை பறந்துவிடும். ராக்கெட்டில் போகப்போகும் அசல் கணினியைக் கொண்டுவந்து ஒரு மேசைமேல் வைக்கிறார்கள். இன்னொரு கணினி, காற்று, எடை, எரிபொருள், அசைவு எல்லாவற்றையும் கணக்கிட்டு, உண்மையான நேரத்தில், 'இதோ நீ இப்போது இத்தனை உயரத்தில் இந்த வேகத்தில் போகிறாய்' என்று ஊட்டுகிறது. மேசையில் உட்கார்ந்திருக்கும் மூளை, தான் வங்கக் கடலுக்குமேல் பறப்பதாக நம்பிக் கட்டளை இடுகிறது. முதல் கட்டத்தில் கட்டளைகளை எண்களாக வாங்கிக்கொள்வார்கள். அடுத்த கட்டத்தில் அசல் இயக்கிகளையே கோத்துவிடுவார்கள், ஆய்வுக்கூடத்தில் அவை நிஜமாகவே அசையும். இன்னொரு கட்டத்தில் சுழல்மானி முதலான உணரிகளை, மூன்று அச்சிலும் திரும்பக்கூடிய மேசை ஒன்றில் ஏற்றி, ராக்கெட் எப்படித் திரும்புமோ அப்படியே திருப்புவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தாளில் இருந்த ஒரு பொருள் போய், அதன் இடத்தில் இரும்பு வந்து உட்காருகிறது. அதன் உராய்வும் தாமதமும் கூடவே வருகின்றன. வேண்டுமென்றே பிழைகளையும் நுழைப்பார்கள்: ஓர் உணரி செத்தால் என்ன, காற்று இரண்டு மடங்கு அடித்தால் என்ன. ஆயிரம் முறை தரையில் விழுவது அத்தனை செலவில்லை.

சுழல்மானி என்றதும் வட்டியூர்க்காவைச் சொல்லியாக வேண்டும். நகருக்குள்ளேயே, பலாவும் தென்னையும் நிற்கும் வீடுகளுக்கு நடுவில் இஸ்ரோவின் நிலைம அமைப்புகள் பிரிவு இருக்கிறது. சுழல்மானிகளோடு, செயற்கைக்கோள்கள் திரும்புவதற்கான எதிர்வினைச் சக்கரங்களும் அங்கே செய்யப்படுகின்றன. வெற்றிடத்தில் உந்துவதற்குத் தரை இல்லை, காற்று இல்லை. ஆகவே உள்ளே ஒரு சக்கரத்தை ஒரு பக்கம் சுழற்றினால் செயற்கைக்கோள் மறுபக்கம் திரும்பும். இதற்கும் ஒரு மேசைப் பொம்மை உண்டு: வண்டியே இல்லாத தலைகீழ் ஊசல். கம்பியின் நுனியில் மோட்டாரும் கனமான சக்கரமும் மட்டும். கம்பி சாய்ந்தால் சக்கரம் சுழன்று, அந்த எதிர்வினையாலேயே கம்பி நிமிரும். வெறும் அச்சில் நிற்கும் ஒரு கம்பி, தன் தலையில் இருக்கும் சக்கரத்தைச் சுழற்றித் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்வதைப் பார்த்தால் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும்.

அதே பிரிவு உருவாக்கிய 'நடக்கும் கை' 2024 டிசம்பர் 30 அன்று பி.எஸ்.எல்.வி. சி-60இல் மேலே போனது. ராக்கெட்டின் நான்காம் அடுக்கு வேலை முடிந்ததும் குப்பையாகாமல், சோதனை மேடையாகச் சுற்றிவருவதற்குப் போயம் என்று பெயர். அந்த மேடைமேல் ஏழு மூட்டுகள் கொண்ட ஒரு ரோபோக் கை. இரண்டு முனையிலும் பிடிமானம். ஒரு முனையால் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்து, மறுமுனையை அடுத்த இடத்தில் ஊன்றும். முருங்கை இலையில் புழு நடக்கிற மாதிரி. தரையில் ஒரு ரோபோக் கை தோளிலிருந்து விரல்வரை தன் எடையைத் தானே சுமக்கிறது. மேலே எடை இல்லை. ஆனால் கை அசைந்தால் அது நிற்கும் மேடையும் எதிர்ப்பக்கம் அசையப் பார்க்கும். தண்ணீரில் கட்டுமரத்தில் நின்று துடுப்பை வீசுகிறவருக்கு இது புதிதல்ல. 2020-இல் எல்லாருக்கும் அறிமுகமான, பாதி உடல் மட்டும் கொண்ட ரோபோ வியோமமித்ராவும் இதே வட்டியூர்க்காவுக் கைவண்ணம்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். வேறொரு ஊரில் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தபோது, வெளிநாட்டிலிருந்து லட்சங்கள் கொடுத்து வாங்கிய இதே ஊசலைக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். பெயர்ப்பலகை உண்டு, தூசி இல்லை, தினமும் துடைக்கிறார்கள். 'பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள்' என்றார் பொறுப்பில் இருந்தவர். பிள்ளைகள் பக்கத்து அறையில் கணினித் திரையில் ஊசலை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். திரையில் எல்லாருக்கும் முதல் தடவையே நின்றது. உராய்வு எவ்வளவு என்று நாம் எழுதினோமோ அவ்வளவுதான் திரையில் இருக்கும். எழுதாதது எதுவும் அங்கே வந்து மூக்கை நுழைக்காது.

இதற்கு ஒரு நல்ல மறுமொழி மும்பை ஐ.ஐ.டி.யில் பிறந்தது. பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் குழு ஒரு சின்னப் பலகையைச் செய்தது. அதில் ஒரு மெல்லிய எஃகுத் தகடு, பக்கத்தில் சூடேற்றும் சுருள், ஒரு குட்டி விசிறி, ஒரு வெப்ப உணரி. தகட்டின் வெப்பத்தைச் சொன்ன அளவில் நிறுத்த வேண்டும். விசிறி ஊடே புகுந்து கெடுக்கும். இவ்வளவுதான் கருவி. இணையம் வழியாக எங்கோ ஓர் ஊரில் இருக்கும் மாணவர் நடுராத்திரியில்கூட அந்தப் பலகையை இயக்கலாம். திரையில் வருவது பொய்க்கணக்கில்லை, மும்பையில் ஒரு மேசைமேல் நிஜமாகவே ஒரு தகடு சூடாகிக்கொண்டிருக்கிறது. அந்த அறையில் யாராவது மின்விசிறியைப் போட்டால் உங்கள் வரைபடம் கோணலாகும். அந்தக் கோணலுக்காகத்தான் இத்தனையும். அதே ஐ.ஐ.டி.யின் ஈ-யந்த்ரா திட்டம் நாடெங்கும் பொறியியல் கல்லூரிகளில் ரோபோ ஆய்வுக்கூடங்கள் அமைக்கக் கைகொடுத்தது. உடைந்தால் மாற்றிக்கொள்ளக்கூடிய விலையில் கருவி இருந்தால்தான் பிள்ளைகளை உடைக்க விடுவார்கள்.

மணி ஆறரை ஆகிவிட்டது. மாணவருக்கு ரயில் பிடிக்க வேண்டும். முதல் வண்டி இன்னும் முனகிக்கொண்டிருந்தது. நிறுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறதாம். சும்மா சுவிட்சை அணைத்தால் கம்பி விழுந்து யார் கையிலாவது அடிக்கும். கம்பியைக் கையால் பிடித்தாலோ, வண்டிக்குப் பைத்தியம் பிடிக்கும். பிடித்த கை எவ்வளவு நேராகப் பிடித்தாலும் கொஞ்சம் சாய்வு இருக்கும். அந்தச் சாய்வைத் திருத்த வண்டி ஓடும், கை விடாது, வண்டி இன்னும் ஓடும். ஆகவே இடக்கையால் பிடிப்பதும் வலக்கையால் அணைப்பதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு அதைச் செய்தார். முனகல் நின்றது. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த சத்தம் அப்போதுதான் காதுக்கு வந்தது.

பிடியை விட்டார். கம்பி ஒரு பக்கமாகச் சரிந்து, கீழே போய், எதிர்ப்பக்கம் எழும்பி, திரும்பி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் குறைந்து, கடைசியில் தண்டுக்குக் கீழே நேராகத் தொங்கியது.

"இதுக்கு மட்டும் புரோகிராம் வேண்டாம் சார்" என்று சொல்லிக்கொண்டே பையை மாட்டினார்.